அடுப்படிக் கேள்விகள்: கவுனி அரிசி முதல் காவடி நடை வரை

தீபாவளி முடிந்து வந்த கடிதக் கட்டு இந்த முறை கொஞ்சம் கனம். பலகாரம் தின்றுவிட்டுக் கவலைப்படுகிறவர்கள் பாதி, தைப்பூசத்துக்கு நடக்க ஆசைப்படுகிறவர்கள் மீதி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில் என் அடுப்படிதான் எனக்கு ஆபீஸ். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்க மாட்டேன். இலையில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசலாம்.

என் வீட்டுக்காரருக்கு 52 வயது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.8 என்று வந்திருக்கிறது. கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஐந்து கிலோ வாங்கி வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் கவுனி அரிசி கேட்கிறார். கொடுக்கலாமா ஆச்சி?
வாசகி, கோட்டையூர்

அவர் கேட்பது எந்தக் கவுனி அரிசி? நம் பக்கத்தில் கவுனி அரிசி என்றாலே கல்யாண வீட்டில் காலைப் பலகாரத்தோடு வருகிற இனிப்புதான் நினைவுக்கு வரும். வேகவைத்த அரிசியில் ஜீனி, தேங்காய்ப்பூ, நெய் போட்டுக் கிளறியது. அதைத் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு "சர்க்கரைக்கு நல்லது" என்று சொன்னால், அந்த அரிசியே வெட்கப்படும்.

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர்கள் கொண்டுவந்த அரிசி இது. கறுப்பு நிறம் அதன் தவிட்டில் இருக்கிறது. ஆந்தோசயனின் என்ற நிறமி, நாவற்பழத்தில் இருப்பதும் அந்த வகைதான். தவிடு போகாமல் வருவதால் நார்ச்சத்தும் தீட்டிய வெள்ளை அரிசியைவிடக் கூடுதல். இதெல்லாம் உண்மை. ஆனால் தவிட்டுக்கு உள்ளே இருப்பது மாவுச்சத்துதான், அதுவும் ஒட்டுகிற அரிசியின் மாவுச்சத்து. ஒட்டுகிற அரிசி சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறும். அதனால் இதை மருந்தாக நினைக்க வேண்டாம். நல்ல அரிசிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

வாங்கிய ஐந்து கிலோவை என்ன செய்வது? உப்புப் போட்டுச் செய்யுங்கள். ராத்திரியே கழுவி ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்கியிருக்கும், அதைக் கொட்டிவிடாமல் அந்தத் தண்ணீரோடேயே குக்கரில் வையுங்கள். சாதாரண அரிசியைப் போல் மூன்று விசிலில் வேகாது, இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். விரலால் நசுக்கினால் தோல் பிரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிய வேண்டும், ஆனால் குழையக் கூடாது. கடுகு, உளுத்தம்பருப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, சோற்றின் அளவுக்குச் சமமாகக் காய் போட்டுக் கிளறினால் காலை டிபன் ஆகிவிட்டது. ஒரு சின்னக் கிண்ணம் போதும். இட்லிக்குப் பதிலாகத்தான் இது. இட்லி சாப்பிட்ட பிறகு "கூடவே கொஞ்சம்" என்றால் கணக்கு உதைக்கும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். இட்லி சாப்பிட்ட ஒரு நாள், கவுனி சாப்பிட்ட ஒரு நாள், இரண்டிலும் முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 180-க்குள் இருக்க வேண்டும். யாரோ சொன்னதைவிட உங்கள் வீட்டுக்காரர் உடம்பு சொல்வதுதான் அவருக்குச் சரியான பதில்.

அடுத்த கடிதத்தில் "ஜீனிக்குப் பதில் கருப்பட்டி போடட்டுமா" என்று கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணம் உண்டு. ஆனால் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருக்கிறேன். எடை 65 கிலோ. நம் வீட்டுச் சாப்பாட்டில் புரதமே இல்லை, பவுடர் வாங்கினால்தான் உடம்பு ஏறும் என்கிறார் அங்கே பயிற்சி கொடுப்பவர். அம்மா வேண்டாம் என்கிறார். யார் பக்கம் நீங்கள்?
கல்லூரி மாணவர், காரைக்குடி

தம்பி, நான் கணக்கின் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சாதாரண ஆளுக்குச் சொல்கிற அளவு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 0.83 கிராம் புரதம். உனக்கு 54 கிராம். எடை தூக்குகிற ஆளுக்குக் கூடுதலாக வேண்டும், கிலோவுக்கு 1.6 கிராம் வரை போகலாம். அப்படிப் பார்த்தால் மேல் எல்லை 104.

இப்போது அம்மாவின் சமையலை எடுப்போம். காலையில் நாலு இட்லி எட்டு கிராம். சாம்பார் ஒரு கிண்ணம் நாலு கிராம், அதுவும் பருப்பு கண்ணுக்குத் தெரிகிற சாம்பாராக இருந்தால். இரண்டு முட்டை பன்னிரண்டு. மத்தியானம் சோறு எட்டு, பருப்புப் போட்ட கூட்டு ஏழு, தயிர் மூன்று. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு நல்ல கிண்ணம் பன்னிரண்டு, பால் ஒரு டம்ளர் ஆறு. ராத்திரி இரண்டு தோசையும் நிலக்கடலைச் சட்னியும் எட்டு. கூட்டிப் பார், 68 வருகிறது. கோழி எடுக்கிற நாளில் வெந்த கறி 100 கிராமுக்கு இன்னொரு 25 சேர்ந்து 93 ஆகிவிடும். அம்மா ஜெயித்தார்.

ஆனால் பயிற்சியாளர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மேலே சொன்ன சாப்பாட்டை நீ உண்மையில் சாப்பிடுகிறாயா? காலையில் எழுந்திருக்கத் தாமதம், இட்லி இரண்டோடு ஓட்டம், சாயங்காலம் சுண்டலுக்குப் பதில் பஃப்ஸ், ராத்திரி பரோட்டா சால்னா. அந்தச் சாப்பாட்டில் புரதம் இல்லைதான், ஆனால் அது அம்மா சமைத்தது இல்லையே. முதலில் ஒரு மாதம் சுண்டலையும் முட்டையையும் ஒழுங்காகச் சாப்பிடு. அதற்கு மேலும் பற்றாக்குறை என்றால் பவுடர் பாவம் ஒன்றும் இல்லை, அது பாலிலிருந்து எடுக்கிற புரதம்தான். வாங்குவதாக இருந்தால் லேபிளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ஜிம் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருகிற லேபிள் இல்லாத டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆவணியில் மட்டும் ஐந்து கல்யாணம். இரண்டு கிலோ ஏறிவிட்டேன். போகாமலும் இருக்க முடியாது, போய்ச் சாப்பிடாமல் வந்தாலும் கோபித்துக்கொள்கிறார்கள். வழி சொல்லுங்கள்.
வாசகி, புதுவயல்

வீட்டில் கிடைப்பதை விட்டுவிடுங்கள், வீட்டில் கிடைக்காததைச் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டு இலையில் இட்லியும் பொங்கலும் எதற்கு? வெள்ளைப் பணியாரம் ஒன்று, கந்தரப்பம் ஒன்று, போதும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பரிமாறுகிறவரிடம் "வேண்டாம்" என்றால் விட மாட்டார், "அப்புறம் வாங்கிக்கொள்கிறேன்" என்றால் நகர்ந்துவிடுவார். கல்யாணம் முடிந்து கொடுத்துவிடுகிற பலகாரப் பையை மறுநாளே அக்கம்பக்கத்தில் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். எடையை ஏற்றுவது கல்யாணச் சாப்பாடு அல்ல, அந்தப் பை. ஒரு வாரம் டீயோடு உட்கார்ந்து காலி பண்ணுகிறோமே, அங்கேதான் இருக்கிறது உங்கள் இரண்டு கிலோ.

மாமியாருக்கு பிபி. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறைத்தால் வீட்டில் ஒருத்தரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். கடையில் பிபிகாரர்களுக்கென்று தனி உப்பு விற்கிறார்கள், வாங்கலாமா?
வாசகி, தேவகோட்டை

அந்தத் தனி உப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்குச் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கிற சில பிபி மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இப்போது வீட்டு உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. தினமும் தராசு வைத்து அளக்க யாருக்கு நேரம்? உப்புப் பாக்கெட் பிரிக்கும்போது தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாளாவது வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது என்று அர்த்தம்.

அந்தக் கணக்கில் வராத உப்பு தனியாக இருக்கிறது. ஊறுகாய், மோர் மிளகாய், வத்தல், கருவாடு, நம் வீடுகளில் உப்புக்கண்டம். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். நான் பார்த்த வரை மாமியார்மார்களுக்குக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, அது சப்பென்று இருப்பதால் இரண்டு அப்பளத்தையும் ஒரு துண்டு நாரத்தங்காயையும் தட்டில் வைப்பார்கள். குறைத்தது அங்கே திரும்பி வந்துவிடும்.

அதனால் குழம்பை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று குறைத்தால் நாக்கு கண்டுபிடிக்காது. ஊறுகாய், அப்பளத்தை ஒரேயடியாக நிறுத்தலாம். உப்பு இறங்குகிற இடத்தில் புளிப்பையும் மணத்தையும் ஏற்றுங்கள். இறக்கும்போது எலுமிச்சை பிழிவது, மிளகைப் புதிதாகத் தட்டிப் போடுவது, சின்ன வெங்காயமும் பூண்டும் கூட்டுவது. நம் மசாலாவில் கல்பாசியும் சோம்பும் இருக்கும்போது உப்பு இல்லாமல் ருசி வராது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோறு வடிக்கும்போது உப்புப் போடுகிற வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விடுங்கள். கருவாடு ஆசை வந்தால் வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு தடவை மாற்றிவிட்டுச் செய்யுங்கள், ஓரளவு உப்பு இறங்கும்.

மகளுக்கு 17 வயது. ஹீமோகுளோபின் 9.6. பீட்ரூட், பேரீச்சை எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. நாங்கள் கறி சாப்பிடுகிறவர்கள்தான்.
வாசகர், திருப்பத்தூர்

பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் சம்பந்தம் இல்லை. பீட்ரூட்டில் இரும்பு குறைவு. பேரீச்சையிலும் நாம் நினைக்கிற அளவு கிடையாது. கறி சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் ஒரு தடவை சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல் வாங்குங்கள். கறிக்கடையில் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ந்துவிடும். மிளகு போட்டு வதக்கி நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மற்ற நாட்களில் முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. கீரையில் உள்ள இரும்பை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் பிள்ளைக்கு இருக்கிறதா பாருங்கள். டீயில் இருக்கிற டானின் இரும்பைத் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. இந்த ஒரு மாற்றமே நிறையப் பேருக்கு உதவுகிறது.

ஆனால் 12-க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 9.6 என்பது கீரையால் மட்டும் சரியாகிற அளவு அல்ல. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா, பூச்சி மருந்து கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதையெல்லாம் டாக்டரிடம் பேசுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது அப்படித்தான் போகும்.

வயது 72. முழங்கால் வலி லேசாக உண்டு. தெருவில் நாய்த் தொல்லை, வண்டித் தொல்லை. வீடோ பெரியது. வீட்டுக்குள்ளேயே நடந்தால் அது நடையில் சேருமா?
வாசகர், பள்ளத்தூர்

சேராமல் என்ன அண்ணே! முகப்பிலிருந்து பின்கட்டு அடுப்படி வரை போய்த் திரும்பினாலே நம் ஊர் வீடுகளில் ஒரு தெரு நடந்த மாதிரி. சென்னையில் இருக்கிற பிள்ளைகள் அடுக்கு மாடி வீட்டில் சோபாவைச் சுற்றி நடக்கிறார்கள். உங்களுக்கு முற்றமும் அதைச் சுற்றித் தாழ்வாரமுமாக வளவு இருக்கிறது. வெயிலும் காற்றும் உள்ளேயே வருகிறது.

சுற்றை எண்ண வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்த அளவு. ஒரே மூச்சில் அரை மணி நேரம் முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை நடங்கள். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதவில்லை. வளவைச் சுற்றும்போது பாதி நேரம் வலம், பாதி நேரம் இடம் என்று மாற்றுங்கள். திரும்புகிற இடத்தில் எப்போதும் ஒரே முழங்கால் சுமக்கக் கூடாது.

இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. ஆத்தங்குடிக் கல் பார்க்க அழகு. கண்ணாடியின் மேல் ஊற்றிச் செய்வதால் வருகிற பளபளப்பு அது. ஈரம் பட்டால் வழுக்கிவிடும். வீடு துடைத்த அரை மணி நேரத்துக்கு வளவுப் பக்கமே போகாதீர்கள். மழை நாளில் முற்றத்துச் சாரல் அடிக்கிற ஓரத்தை விட்டு உள்பக்கமாக நடங்கள். சாக்ஸ் மட்டும் போட்டு நடப்பது கூடவே கூடாது. நிலைப்படிகள் எல்லாம் உயரம், கால் தூக்க மறந்தால் இடறிவிடும். அதனால் கட்டு விட்டுக் கட்டுத் தாண்டி நடப்பதைவிட வளவுக்குள்ளேயே சுற்றுவது நல்லது.

நடை மட்டும் போதாது, தொடைக்கும் பலம் வேண்டும். கை இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரில் சாத்திப் போடுங்கள். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை தடவை முழுவதும் எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். 70 முதல் 74 வயது ஆணுக்கு அது பன்னிரண்டுக்குக் குறைந்தால் கீழே விழுகிற வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். குறைந்தால் பதற வேண்டாம், அதையே பயிற்சியாக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டெட்டாக இரண்டு தடவை. ஆரம்பத்தில் கையை ஊன்றி எழுந்தாலும் பரவாயில்லை. அப்புறம் பர்மா தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்துத் தடவை. அந்தத் தூணை யார் வீட்டு ஜிம்மில் வைத்திருக்கிறார்கள்?

முழங்கால் வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தீபாவளிக்குத் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் சுட்ட எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம். செக்கு எண்ணெய், கொட்ட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, கானாடுகாத்தான்

என்ன வரிசையில் சுட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தேன்குழல் முதலில், அதிரசம் கடைசியில் என்றால் அந்த எண்ணெயில் வெல்லப் பாகு கருகி இறங்கியிருக்கும். கறுத்து, கெட்டியாகி, அடுப்பில் வைத்ததும் நுரைத்து, முன்னைவிடச் சீக்கிரம் புகைகிறதா? கொட்டத்தான் வேண்டும். செக்கு எண்ணெய் என்பதற்காக அதற்கு விதிவிலக்கு கிடையாது. திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற எண்ணெயில் உண்டாகிற கூட்டுப்பொருட்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. கடைக்காரருக்குக் கருவி உண்டு, நமக்குக் கண்ணும் மூக்கும்தான். நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால் ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கவும் வதக்கவும் மட்டும் தீர்த்துவிடுங்கள். இன்னொரு தடவை பொரிக்க வைக்காதீர்கள். புது எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம். அடுத்த வருடம் சின்ன இருப்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுடுங்கள், மிச்சமே வராது.

எண்ணெய் என்று வந்ததால் சேர்த்துச் சொல்கிறேன். ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர், நெய்யும் சேர்த்து. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரிதான்.

"செட்டிநாட்டுச் சமையலில் எண்ணெய் இல்லாமல் முடியுமா" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊர் ஊராகச் செட்டிநாடு என்று போர்டு மாட்டி, சிவப்பு எண்ணெய் மிதக்க மிதக்க ஒரு கோழியைக் கொண்டுவந்து வைத்து, இதுதான் நம் சாப்பாடு என்று ஆக்கிவிட்டார்கள். அந்தக் கோழி விருந்துக்கு வந்தது. சாதாரண நாளில் எங்கள் அப்பத்தா வைத்தது ஓர் இளங்குழம்பு, ஒரு கூட்டு, ஒரு துவையல், மோர். பலகாரம் பெட்டியில் இருக்கும், யாராவது வந்தால் திறப்பார்கள். இப்போது விருந்தாளி இல்லாமலே தினமும் பெட்டி திறந்திருக்கிறது. என் வருத்தம் எண்ணெய் மேல் அல்ல, இதன் மேல்தான்.

எண்ணெய்க் கத்தரிக்காயையே கொஞ்சம் எண்ணெயில் செய்யலாம். பிஞ்சாகப் பார்த்து, காம்பை விடாமல் நாலாகக் கீறி, உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்து, இட்லித் தட்டில் நாலு நிமிடம் ஆவியில் வையுங்கள். தோல் சுருங்கி, கத்தி இறங்குகிற பதம். அப்புறம் அடிகனமான சட்டியில் இரண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய், தாளிப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, அரைத்த மசாலா, புளித்தண்ணீர். கத்தரிக்காயைக் கடைசியில் போட்டு மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிப்பது பச்சையாக வதக்கும்போதுதான். ஆவியில் வெந்துவிட்டால் குடிக்காது. இறக்குவதற்கு முன் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து லேசாக மின்னும், அது போதும்.

வரும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு முதல் தடவையாக நடக்கலாம் என்று இருக்கிறேன். வயது 46. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கடையில் உட்கார்ந்தே வேலை.
வாசகர், சிங்கம்புணரி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். தைக்கு முதல் வாரம் கேட்டிருந்தால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பேன். பழனி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் முடிப்பது என்றால் நாளைக்கு இருபதுக்கு மேல், அதுவும் மறுநாள் மறுநாள் என்று ஓய்வில்லாமல். உட்கார்ந்து வேலை பார்க்கிற காலுக்கு அதைப் பழக்க இரண்டு மாதமாவது வேண்டும்.

இன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம். வாரா வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டுங்கள், அதற்கு மேல் கூட்டினால் கெண்டைக்காலும் குதிகாலும் பிடித்துக்கொள்ளும். இது போக வாரம் ஒரு நாள் நீள நடை. முதலில் ஐந்து கிலோமீட்டர், பிறகு ஏழு, பத்து என்று. மார்கழி முடிவதற்குள் அடுத்தடுத்த இரண்டு நாளில் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட வேண்டும். இரண்டாம் நாள் எழுந்து நடக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான பரீட்சை.

செருப்பு இல்லாமல் நடப்பது பலருக்கு வேண்டுதல். அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் அதற்கு முன் டாக்டரிடம் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது, மத்தியானத் தார்ச் சாலையின் சூடும் தெரியாது. உணர்ச்சி குறைவு என்று தெரிந்தால் செருப்போடு நடங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஏற்கெனவே பழகிய செருப்பு அல்லது ஷூ, புதிது வேண்டாம். ராத்திரி தங்குகிற இடத்தில் டார்ச் அடித்து அடிப்பாதத்தை, விரல் இடுக்கை எல்லாம் பாருங்கள், சொந்தக் கண்ணால் முடியாவிட்டால் கூட வருகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலில் விளக்கெண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் ஈரமும் எண்ணெயும் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு வழியெல்லாம் அன்னதானம் உண்டு. பிரச்சினை பசி அல்ல, சர்க்கரை இறங்குவது. நாள் முழுக்க நடக்கும்போது வழக்கமான மாத்திரை அளவு சிலருக்கு அதிகமாகிவிடும். நடைக்கு என்று தனி அளவு வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, தலை லேசானால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி ஜீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. அதைப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப்பையில் வையுங்கள். வண்டியில் வருகிற மூட்டைக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை. மற்ற நேரத்தில் பானகத்தைத் தள்ளிவிட்டு உப்புப் போட்ட மோர் குடியுங்கள். இருட்டில் நடப்பதாக இருந்தால் முதுகில் ஒளிர்கிற பட்டை ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள், லாரிக்காரருக்கு நம் காவடி தெரிய வேண்டும்.

அரிசி களைந்த தண்ணீரில் காய் போட்டு வைக்கிற நம் மண்டியை டயட் சாப்பாடு என்று சொல்லலாமா? என் மருமகள் வடக்கத்திப் பெண், செய்துகொடுக்க ஆசைப்படுகிறாள். எனக்குக் கைப்பழக்கம்தான், அளவு சொல்லத் தெரியாது.
வாசகி, காரைக்குடி

டயட் என்ற பெயர் வைத்தால் பிள்ளைகள் தொட மாட்டார்கள், மண்டி என்றே சொல்லுங்கள். எண்ணெய் குறைவு, காய் நிறைய. அரிசி களைந்த தண்ணீரில் இறங்கிப் போகிற பி வைட்டமினும் கொஞ்சம் சட்டிக்குத் திரும்பி வருகிறது.

நாலு பேருக்கு: பிஞ்சு வெண்டைக்காய் கால் கிலோ, கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கியது. சின்ன வெங்காயம் இருபது முழுதாக, பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் ஆறு கீறியது. மொச்சை ஒரு கிண்ணம் ஊறவைத்து வேகவைத்தது, இதை மருமகளிடம் கட்டாயம் என்று சொல்லுங்கள், புரதம் அதில்தான். அரிசி களைந்த முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவது தண்ணீர் மூன்று டம்ளர் எடுத்து, எலுமிச்சை அளவு புளியை அதில் கரைக்க வேண்டும்.

ஒரு மேஜைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், வரமிளகாய் இரண்டு. வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் கசக்கும். வெங்காயம், பூண்டு, மிளகாய் வதங்கிய பிறகு வெண்டைக்காயைப் போட்டு, கொழகொழப்பு நூல் விடுவது நிற்கும் வரை மூடாமல் வதக்கச் சொல்லுங்கள். புளித்தண்ணீரையும் உப்பையும் அதற்கு முன் ஊற்றினால் வழவழவென்று ஆகிவிடும். ஊற்றியதும் மொச்சையையும் சேர்த்துச் சிறு தீயில் கொதிக்கவிட்டால், கழுநீர் தானே கெட்டியாகிக் கரண்டியின் முதுகில் ஒட்டும். அப்போது இறக்கலாம். மாங்காய் காலத்தில் புளியைப் பாதியாக்கி ஒரு மாங்காயை நறுக்கிப் போடலாம். பலாக்கொட்டை கிடைத்தால் மொச்சையோடு வேகவைத்துச் சேர்க்கலாம். மருமகள் சோற்றைவிடச் சப்பாத்திதான் சாப்பிடுவாள் என்றால் தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்து இன்னும் சுண்டவிடுங்கள், தொட்டுக்கொள்ள அது நன்றாக இருக்கும்.